பாட்டிலிருந்து பிறந்த ஓவியம்

தொல்குடி ஓவியர் வரலாறு – பகுதி 6
ஜங்கர் சிங் ஷியாம் (1962–2001)

ஜங்கர் சிங் ஷியாம் மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் என்னும் மலைக் கிராமத்தில் 1962-இல் பிறந்த பர்தான் கோண்டு ஓவியர். பாடுவதைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்திலிருந்து வந்தவர். மண்சுவரில் வரைந்து பழகிய கையால் காகிதத்திலும் கான்வசிலும் வரையத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்குள் இந்திய ஓவியத்தில் ஒரு புதிய பாணியை நிலைநாட்டினார். இன்று ‘கோண்டு ஓவியம்’ என்ற பெயரில் டில்லி முதல் பாரிஸ் வரை விற்பனையாகும் படங்களின் மூலம் அவர் கையில்தான் இருக்கிறது. கலை வரலாற்றாசிரியர்கள் அதற்கு ‘ஜங்கர் கலம்’, அதாவது ஜங்கர் பாணி, என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

கைவினைக் கடைகளில் இந்த ஓவியங்களைத் தொன்மையான பழங்குடிக் கலை என்று சொல்லி விற்பது வழக்கம். உண்மையில் இப்பாணியின் வயது இன்னும் ஐம்பதை எட்டவில்லை. அதன் பின்னாலிருக்கும் பாட்டும் கதையும் நம்பிக்கையும் மிகப் பழையவை. அவற்றுக்கு உருவம் கொடுத்தது ஒரு தனி மனிதரின் கற்பனை. அந்த மனிதரின் பெயரை மறந்துவிட்டு அவர் குலத்தின் பெயரை மட்டும் நினைவில் வைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

பாடன்கரும் பர்தான்களும்

அமர்கண்டக் மலையில் ஊற்றெடுக்கும் நர்மதை, மேற்கு நோக்கித் திரும்பி மைக்கல் மலைத்தொடரின் காடுகளுக்கு இடையே இறங்கி வருகிறது. அந்த மேல் நர்மதைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது பாடன்கர். ஜங்கர் பிறந்தபோது அது மண்டலா மாவட்டத்தில் இருந்தது. 1998 முதல் டிண்டோரி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. மானுடவியலாளர் வெரியர் எல்வினும் அவருடைய தோழர் ஷாம்ராவ் ஹிவாலேயும் 1940-களில் தங்கி வாழ்ந்த ஊர் இது. எல்வின் மணந்துகொண்ட லீலா இவ்வூர்ப் பர்தான் பெண். பர்தான்களைப் பற்றிய முதல் விரிவான நூலை ஹிவாலே 1946-இல் வெளியிட்டார். ஆக, ஓவியத்தால் புகழ்பெறுவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே பாடன்கரின் பாட்டும் கதையும் அச்சேறிவிட்டன.

கோண்டுகள் இந்தியாவின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகங்களுள் ஒன்று. அவர்கள் தொகை ஒரு கோடிக்கும் மேல். அவர்களுடைய கோண்டி மொழி தமிழைப் போலத் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் மேல் நர்மதைப் பகுதியில் வாழும் பர்தான்கள் பெரும்பாலும் இந்தியின் வட்டார வழக்கையே பேசுகிறார்கள். பர்தான்கள் கோண்டுகளின் பாடகர்கள், குலவரலாறு காப்பவர்கள், குலதெய்வ வழிபாட்டை நடத்தி வைப்பவர்கள்.

இந்த உறவுக்கு ஒரு பழங்கதை காரணம் சொல்கிறது. கோண்டுச் சகோதரர் எழுவர் மீது கோபம் கொண்ட பெருந்தெய்வமான படாதேவ், சாஜா மரத்துக்குள் மறைந்துகொண்டார். சகோதரர்களில் இளையவர் மரத்தில் ஒரு நரம்புக் கருவி செய்து, அந்த மரத்தடியில் அமர்ந்து வாசித்துத் தெய்வத்தின் கோபத்தைத் தணித்தார். அந்த இளையவரின் வழிவந்தவர்களே பர்தான்கள். அந்தக் கருவியே ‘பானா’. மூன்று நரம்புகளை வில்லால் இழுத்து வாசிக்கும் இந்தக் கருவி ஒலித்தால் படாதேவ் கண்விழிப்பார் என்பது நம்பிக்கை. தமிழில் கருமருது எனப்படும் சாஜா மரம் இன்றும் அவருடைய இருப்பிடமாக வணங்கப்படுகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பர்தான் தன் புரவலரான கோண்டுக் குடும்பத்தின் வீட்டுக்குப் பானாவுடன் செல்வார். அக்குடும்பத்தின் முன்னோர் பெயர்களையும் பழைய கோண்டு அரசர்களின் கதைகளையும் இரவிரவாகப் பாடுவார். தானியம், துணி, சில வேளை மாடு அவருக்குக் கொடையாகக் கிடைக்கும். கோண்டு அரசுகள் வீழ்ந்ததும் இந்த வாழ்வு தளர்ந்தது. 1878-ஆம் ஆண்டின் வனச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த கட்டுப்பாடுகளும் காட்டை நம்பியிருந்த கோண்டுகளை வறுமையில் தள்ளின. புரவலரிடம் கொடுக்க ஒன்றும் இல்லாதபோது பாடகருக்கும் வருவாய் இல்லை. பர்தான்களில் பலர் கூலி வேலைக்கும் சிறு பயிர்ச்செய்கைக்கும் போயினர். பல வீடுகளில் பானா சுவரில் தொங்கும் பொருளாயிற்று.

இத்தகைய இழப்பு எப்படிப்பட்டது என்பதை மன்னார்க் கரை நன்றாக அறியும். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு வகையாக மன்னாரில் ஆடப்படும் நாட்டுக்கூத்துகளில் ஏடு எழுதிய புலவர் ஒருவர், அதை ஆட்டமாக்குபவர் அண்ணாவியார். பாட்டின் வரி ஏட்டில் இருக்கிறது. இராகமும் தாளமும் வரவின் நடையும் அண்ணாவியாரின் தொண்டையிலும் காலிலும் இருக்கின்றன. அவர் சீடரை உருவாக்காமல் மறைந்தால் ஏடு எஞ்சும், கூத்து எஞ்சாது. பர்தான்களிடம் ஏடும் இல்லை. பாடுபவரின் நினைவு ஒன்றே அவர்களின் களஞ்சியம். அந்தக் களஞ்சியம் மெல்ல மெல்ல வெறுமையாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஜங்கர் பிறந்தார்.

அவருடைய இளமை வறுமையில் கழிந்தது. பாடசாலைப் படிப்பைப் பாதியில் விட்டார். எருமை மேய்த்தார், பால் விற்றார். பதினாறு வயதளவில் நன்குசியாவை மணந்தார். பிற்காலத்தில் நன்குசியாவும் பெயர்பெற்ற ஓவியரானார்.

சுவரும் மண்ணும்

பர்தான் கோண்டு வீடுகளில் ஓவியம் பெண்களின் வேலையாக இருந்தது. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் முன்னால் சுவரையும் தரையையும் சாணத்தாலும் மண்ணாலும் மெழுகுவார்கள். ஈரம் காய்ந்ததும் ‘டிக்னா’ எனப்படும் கோலங்களை வரைவார்கள். சதுரம், முக்கோணம், நெளிகோடு ஆகியவை ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் கட்டங்கள் அவை. வாசலைச் சுற்றியும் தானியக் குதிரின் மீதும் மண்ணைப் பிசைந்து ஒட்டிப் புடைப்பாக மயில், மான், மரம் முதலியவற்றைச் செய்வதும் உண்டு.

வர்ணங்களும் அந்த நிலத்திலிருந்தே வந்தன. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் ‘சூயி’ எனப்படும் மண், சிவப்புக்குக் காவி, கருமைக்குக் கரி. இவற்றைக் குழைத்து விரலாலும் துணிச் சுருளாலும் பூசினார்கள். அடுத்த மழையில் சுவர் கரையும், அடுத்த விழாவுக்கு மீண்டும் மெழுகப்படும். எந்த ஓவியமும் ஓராண்டுக்கு மேல் நிலைப்பதில்லை. வரைந்தவரின் பெயரைக் குறித்து வைக்க வேண்டிய தேவையும் எவருக்கும் இருந்ததில்லை.

இந்தச் சுவர்களில் கோலமும் விலங்கும் இருந்தன. தெய்வங்களுக்கோ முகம் இருந்ததில்லை. படாதேவ் மரத்தில் இருந்தார். தாக்குர்தேவ், மராஹி தேவி போன்ற ஊர்த் தெய்வங்கள் கல்லாகவும் மரக்கம்பமாகவும் மேடையாகவும் வணங்கப்பட்டன. அவர்களின் உருவம் எப்படி இருக்கும் என்பதைப் பாட்டு மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது.

போபாலிலிருந்து வந்தவர்கள்

1980-களின் தொடக்கத்தில் மத்தியப் பிரதேச அரசு போபாலில் பாரத் பவன் என்னும் கலை நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஏரியின் கரைச் சரிவில், நிலத்தோடு ஒட்டிப் படிப்படியாக இறங்கும் அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சார்ள்ஸ் கொரயா. அதன் ஓவிய–சிற்பக் காட்சிக்கூடமான ‘ரூபங்கர்’ ஜகதீஷ் சுவாமிநாதனின் பொறுப்பில் இருந்தது. 1928-இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுவாமிநாதன், இளமையில் பொதுவுடைமை இயக்கத்தில் இருந்தவர், பின் நவீன ஓவியராகப் பெயரெடுத்தவர்.

சுவாமிநாதனுக்கு ஓர் உறுதியான கொள்கை இருந்தது. நகரத்து ஓவியரும் காட்டுக் கிராமத்து ஓவியரும் ஒரே காலத்தில் வாழ்பவர்கள். ஒருவரை நவீனர் என்றும் மற்றவரைப் பழங்காலத்தின் எச்சம் என்றும் பிரிப்பது பிழை. ஆகவே இருவர் படைப்புகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே மதிப்போடு வைக்கப்பட வேண்டும் என்றார் அவர். இந்தியாவின் அருங்காட்சியகங்கள் பழங்குடிப் பொருள்களை மானுடவியல் பிரிவில், சாதிப் பெயரும் மாவட்டப் பெயரும் ஒட்டி வைத்திருந்த காலம் அது. ரூபங்கரில் படைத்தவரின் பெயர் எழுதப்பட வேண்டும் என்பது ஒரு பெரிய மாற்றம்.

இதற்காக 1981-இல் அவர் இளம் ஓவியர்களையும் கலை மாணவர்களையும் குழுக்களாகப் பிரித்து மாநிலத்தின் கிராமங்களுக்கு அனுப்பினார். பாடன்கருக்கு வந்த குழு ஒரு வீட்டுச் சுவரில் அனுமன் உருவம் ஒன்றைக் கண்டது. வரைந்தவர் யார் என்று விசாரித்தபோது இருபது வயதைச் சுற்றியிருந்த ஜங்கரைக் காட்டினார்கள். குழு அவரிடம் காகிதமும் போஸ்டர் வர்ணமும் கொடுத்தது. அந்தப் பளிச்சிடும் நிறங்களை முதன்முதல் தொட்டபோது உடல் சிலிர்த்ததாக ஜங்கர் பின்னாளில் சொன்னது அவரைப் பற்றிய எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது. காவியும் கரியும் மட்டுமே பழகிய கைக்கு அது வேறோர் உலகம்.

1982 பெப்ரவரி 13-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி பாரத் பவனைத் திறந்து வைத்தார். தொடக்கக் காட்சியில் ஜங்கரின் ஓவியங்களும் இருந்தன. சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கே அழைத்துக்கொண்டார். பாரத் பவனின் அச்சோவியப் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. நன்குசியாவும் ஊரை விட்டு வந்து சேர்ந்தார். 1986-இல் மத்தியப் பிரதேச அரசின் உயரிய கலை விருதான ‘ஷிகர் சம்மான்’ அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

தெய்வங்களுக்கு முகம்

போபாலில் ஜங்கர் முதலில் எடுத்துக்கொண்ட பெரிய பணி, பாட்டில் மட்டும் வாழ்ந்த தெய்வங்களை வரைவது. இதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. சிவனையோ கண்ணனையோ வரைபவருக்குப் பல நூற்றாண்டுச் சிற்ப மரபு துணை நிற்கும். மராஹி தேவியை வரைபவருக்குத் துணை பாட்டின் சொல் ஒன்றே. அதைக் கொண்டு அவர் ஒவ்வொரு தெய்வத்துக்கும் உடல், கை, கண், ஆயுதம், ஊர்தி என்று வகுத்தார். நேர்முகமாக நின்று விழித்துப் பார்க்கும் அந்த உருவங்களில் பயமும் பாசமும் கலந்திருக்கும். பின்வந்த பர்தான் ஓவியர்கள் அத்தெய்வங்களை வரையும்போது பெரும்பாலும் அவர் வகுத்த உருவத்தையே தொடங்குபுள்ளியாகக் கொண்டார்கள்.

தெய்வங்களுக்கு அடுத்தபடி அவர் விரும்பி வரைந்தது காடு. மான், புலி, முதலை, பாம்பு, ஆமை, சிலந்தி, பறவைகள், இவற்றோடு மரங்கள். அவர் கைமுறையைப் புரிந்துகொள்ள ஒரு கலைமானை எடுத்துக்கொள்ளலாம். முதலில் பக்கவாட்டில் நிற்கும் மானின் வெளிக்கோடு ஒரே ஓட்டத்தில் விழும். உள்ளே ஒரு தட்டையான நிறம். நிழலும் இல்லை, ஆழமும் இல்லை. அதன்பின் நிறத்தின் மீது நுண்ணிய குறிகள் நிரம்பத் தொடங்கும்: கழுத்தில் வரிசை வரிசையாகப் புள்ளி, விலாவில் சீப்புப் பற்கள் போன்ற சிறு கோடுகள், தொடையில் வளைந்து ஓடும் இணைகோடுகள். இந்தக் குறிகள் தசையின் போக்கைப் பின்பற்றிப் போவதால் அசையாமல் நிற்கும் விலங்குக்குள் ஓர் ஓட்டம் தெரியும். கடைசியில் கொம்புகள். அவை தலையிலிருந்து கிளம்பிக் கிளைவிட்டு, இலை துளிர்த்து, ஒரு மரமாகவே விரியும். அதில் பறவை வந்து அமரும். சுற்றிலும் வெறும் காகிதம். நிலமும் இல்லை, வானமும் இல்லை.

இந்தப் புள்ளிகளும் கோடுகளும் எங்கிருந்து வந்தன? பர்தான் பெண்கள் கையிலும் காலிலும் குத்திக்கொள்ளும் பச்சையில் இத்தகைய வரிசைகள் இருக்கின்றன. சுவரில் மண்ணை விரலால் இழுக்கும்போது விழும் தடங்களிலும் இருக்கின்றன. ஜங்கர் அவற்றை எடுத்துத் தன் ஓவிய மொழியின் எழுத்துகளாக ஆக்கினார். தெய்வம் இறங்கியவரின் உடல் நடுக்கத்தை இந்தப் புள்ளிகளில் காண்பவர்களும் உண்டு.

அச்சோவியப் பட்டறையில் வேலை செய்தது அவருக்கு இன்னொரு வகையில் உதவியது. கறுப்பு மையும் வெள்ளைக் காகிதமும் மட்டும் கொண்டு பேனாவால் அவர் வரைந்த கோட்டோவியங்கள் அவருடைய மிகச் சிறந்த படைப்புகளில் அடங்கும். நிறம் இல்லாத அந்தப் படங்களில் கோட்டின் வலிமை முழுதாகத் தெரிகிறது. பட்டுத்திரை அச்சு, அக்ரிலிக், மண் புடைப்பு என எந்த ஊடகம் கையில் வந்தாலும் அதன் இயல்பைக் கண்டுகொள்ளும் திறமை அவருக்கு இருந்தது.

பாரிஸில் இரண்டு தொல்குடிகள்

1988-இல் ஜங்கர் ஓவியராக யப்பான் சென்றார். அந்த ஆண்டு பிறந்த மகளுக்கு அப்பயணத்தின் நினைவாக ‘ஜப்பானி’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு பாரிஸ். 1989 மே முதல் ஓகஸ்ட் வரை பொம்பிடூ நிலையத்திலும் லா வில்லெத் மண்டபத்திலும் ‘பூமியின் மந்திரவாதிகள்’ என்ற கண்காட்சி நடந்தது. அதை அமைத்த ஜான்-ஹூபேர் மார்த்தன், உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்களை அழைத்திருந்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மேற்கு நாடுகளுக்கு வெளியே உள்ளவர்கள். இந்தியாவிலிருந்து ஜங்கரோடு மிதிலை ஓவியர் பௌவா தேவியும் இடம்பெற்றார்.

அதே கண்காட்சிக்கு மத்திய அவுஸ்திரேலியப் பாலைவனத்தின் யுவெண்டுமு ஊரிலிருந்து வார்ல்பிரி ஓவியர்களும் வந்திருந்தார்கள். லா வில்லெத்தின் தரையில் அவர்கள் மண்ணாலும் காவியாலும் ஒரு பெரிய நில ஓவியத்தை உருவாக்கினர். அதற்கு மேலே சுவரில் ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லோங் சேற்றால் வரைந்த வட்டம் இருந்தது. சுவாமிநாதன் போபாலில் ஏழு ஆண்டுகள் முன்பே செய்து காட்டியதை ஐரோப்பா இப்போது பெரிய அளவில் செய்தது. கண்காட்சியைக் கண்டித்தவர்களும் இருந்தார்கள். மேற்குக் கலைஞரை நவீனராகவும் மற்றவரைச் சடங்கு செய்பவராகவும் காட்டும் பழைய பார்வை அதில் இன்னும் மறையவில்லை என்பது அவர்கள் குறை.

முந்தைய பகுதிகளில் பார்த்த பாலைவன ஓவியர்களையும் ஜங்கரையும் ஒப்பிடுவதற்கு இதுவே பொருத்தமான இடம். 1971-இல் அதே பாலைவனப் பகுதியின் பப்புன்யாவில் ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் கொடுத்த பலகையிலும் வர்ணத்திலும் அங்குள்ள முதியவர்கள் வரையத் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பாடன்கரில் நடந்ததும் வெளிப்பார்வைக்கு அதைப் போன்றதே. இரு இடத்திலும் வெளியிலிருந்து வந்த ஒரு கலைஞரோ ஆசிரியரோ புதிய பொருளைக் கொடுத்தார். இரு இடத்திலும் அழிந்து போகும் பரப்பிலிருந்து நிலைத்து நிற்கும் பரப்புக்கு ஓவியம் மாறியது. இரு இடத்திலும் ஓவியத்துக்குப் பின்னால் பாட்டு இருந்தது.

வேறுபாடு இன்னும் முக்கியமானது. பாலைவன ஓவியருக்குச் சின்னங்கள் முன்பே இருந்தன. மணலிலும் உடலிலும் சடங்கின்போது வரையப்பட்ட அவற்றை எவர் வரையலாம், எவர் பார்க்கலாம் என்பதற்குக் கடும் விதிகளும் இருந்தன. தன் முன்னோர் வழியாக உரிமை பெற்ற கதையை மட்டுமே ஓர் ஓவியர் வரைய முடியும். வெளியார் பார்க்கக் கூடாத சின்னங்களை மறைக்கவும் அங்கே புள்ளிகள் பயன்பட்டன. ஜங்கருக்கு அப்படிப்பட்ட சின்னமும் இல்லை, தடையும் இல்லை. பாட்டு அவர் காதில் இருந்தது, உருவத்தை அவரே கண்டுபிடித்தார். பாலைவனத்தில் புள்ளி மறைத்தது, பாடன்கரில் புள்ளி வெளிப்படுத்தியது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு வீடு, ஒரு பள்ளி

போபாலில் ஜங்கரின் வீடு ஊரிலிருந்து வந்த உறவினர்களால் நிறைந்தது. வேலை தேடி வந்தவர்களுக்கு அவர் சாப்பாடு போட்டார், தூரிகையும் கொடுத்தார். அவர் போட்ட வெளிக்கோட்டுக்குள் புள்ளியும் கோடும் நிரப்புவது முதல் பாடம். கை தேறியதும் சொந்தமாக வரையச் சொன்னார். தன் குறிகளை அப்படியே படியெடுக்காமல் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு நிரப்பு முறையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இந்தப் பள்ளியின் மரபாயிற்று. ஒருவர் விதை வடிவம், ஒருவர் மீன்செதில், ஒருவர் சங்கிலி என்று அந்தக் குறியே ஓவியரின் கையொப்பம். பழகிய கண் கொண்டவர்கள் பெயரைப் பார்க்காமலே இது இன்னார் படம் என்று சொல்லிவிடுவார்கள்.

பஜ்ஜு ஷியாம் போபாலுக்கு வந்து இரவுக் காவலராகவும் மின்சார வேலைக்காரராகவும் உழைத்துவிட்டு இந்த வீட்டில் ஓவியம் பயின்றவர். வெங்கட் ராமன் சிங் ஷியாம், ராம் சிங் உர்வேதி, சுபாஷ் வியாம், துர்காபாய் வியாம் முதலிய பலர் இவ்வழி வந்தவர்கள். நன்குசியாவும் மகன் மயங்க்கும் மகள் ஜப்பானியும் ஓவியர்களே. கூலி வேலையும் சிறு பயிர்ச்செய்கையும் தவிர வேறு வழியில்லாதிருந்த ஒரு கிராமத்துக்கு ஓவியம் ஒரு வாழ்வாதாரமாயிற்று. பாடகர் குலம் இழந்த புரவலரை வேறொரு வடிவில் ஜங்கர் மீட்டுத் தந்தார் என்று சொல்வது மிகையாகாது.

1996-இல் போபாலில் புதிய சட்டசபைக் கட்டடம் எழுந்தபோது அதன் வடிவமைப்பாளரும் சார்ள்ஸ் கொரயாதான். அதன் சுவர்களில் ஜங்கர் வரைந்த பெரிய ஓவியங்கள் இடம்பெற்றன. 1998-இல் டில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஜ்யோதீந்திர ஜெயின் ஐந்து நாட்டார், பழங்குடிக் கலைஞர்களைத் தனித்தனிப் படைப்பாளிகளாக முன்னிறுத்திய காட்சியிலும் ஜங்கர் ஒருவர். கங்கா தேவி, ஜிவ்யா சோமா மாஷே, சோனாபாய், நீலமணி தேவி ஆகியோர் மற்றவர்கள்.

யப்பானில் முடிந்த வாழ்வு

யப்பானின் நீகாத்தா மாகாணத்தில் தோக்காமாச்சி என்னும் பனிப்பிரதேச ஊரில் மிதிலா அருங்காட்சியகம் இருக்கிறது. இந்திய நாட்டார் ஓவியங்களைச் சேகரித்து வந்த இந்நிறுவனம், ஓவியர்களை அழைத்துத் தங்கவைத்து வரையச் செய்தது. ஜங்கரும் அங்கு சென்று தங்கி வரைந்தார். 2001-இல் அங்கே இருந்தபோது அவர் தங்கும் காலம் நீண்டது. வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்களில் ஊர் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது நாற்பதைத் தொடவில்லை.

செய்தி இந்தியாவின் கலை உலகை உலுக்கியது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒன்றுகூடி விசாரணை வேண்டினார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகள் ஒரு மரணத்தோடு நிற்பவை அல்ல. மொழி தெரியாத நாட்டில் மாதக்கணக்கில் தனியே தங்கி வரையும் ஓவியருக்கு என்ன ஒப்பந்தம், என்ன ஊதியம், நோயுற்றாலோ மனம் சோர்ந்தாலோ யார் பொறுப்பு? நகரத்து ஓவியருக்கு முகவரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்தவருக்கு நம்பிக்கை ஒன்றே ஒப்பந்தமாக இருந்தது. அவருக்குக் காவலாக இருந்த சுவாமிநாதனும் 1994-இல் மறைந்துவிட்டிருந்தார்.

பின்வந்தவர்கள்

ஜங்கரின் பள்ளி அவரோடு முடியவில்லை. அதன் அடுத்த அத்தியாயத்தில் சென்னைக்கு ஒரு முக்கிய பங்கு உண்டு. அங்குள்ள தாரா புக்ஸ் பதிப்பகம் கோண்டு ஓவியர்களோடு சேர்ந்து நூல்களை உருவாக்கத் தொடங்கியது. இலண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களை வரையச் சென்ற பஜ்ஜு ஷியாம், தாம் கண்ட நகரத்தைத் தம் காட்டு மொழியில் படமாக்கினார். நிலக்கீழ் புகையிரதம் ஒரு பெரிய மண்புழுவாகவும், பிக் பென் மணிக்கூண்டு சேவலாகவும், தவறாமல் வரும் பஸ் நன்றியுள்ள நாயாகவும் அதில் மாறின. அந்தப் படங்கள் 2004-இல் நூலாக வந்தன. 2006-இல் பஜ்ஜு, துர்காபாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்களின் இரவு வாழ்வு பற்றிய நூல் வெளிவந்தது. கறுப்புத் தாளில் ஒவ்வொரு பக்கமும் கையால் பட்டுத்திரை அச்சிடப்பட்ட அந்நூலுக்கு 2008-இல் இத்தாலியின் பொலோஞ்ஞா புத்தகச் சந்தை விருது கிடைத்தது.

துர்காபாயும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் வாழ்வை வரைந்த ‘பீமாயனா’ 2011-இல் நவயானா வெளியீடாக வந்தது. படக்கதைகளில் வழக்கமாக இருக்கும் கட்டங்களை அவர்கள் ஏற்கவில்லை. பாத்திரங்கள் மூச்சுவிட இடம் வேண்டும் என்று கட்டங்களைத் தவிர்த்து, டிக்னாக் கோலங்களால் பக்கங்களைப் பிரித்தார்கள். பாடன்கர்ச் சுவரின் கோலம் இப்படி அரசியல் வரலாற்று நூலின் வடிவமாயிற்று. பஜ்ஜு ஷியாமுக்கு 2018-இலும் துர்காபாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2023-இல் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது.

ஜங்கரின் சொந்தப் படைப்புகளின் விலை அவர் மறைந்தபின் ஏறியது. 1988-இல் அவர் வரைந்த, சிலந்தி இடம்பெறும் ஒரு நிலக்காட்சி 2010-இல் நியூயோர்க் ஏலத்தில் 31,250 டொலருக்கு விற்றது. பாலைவன ஓவியர்களுக்கும் இதுவே நடந்தது. அவர்களில் ஒருவரான ஜானி வரங்குலா 1972-இல் 150 டொலருக்கு விற்ற ஓவியம் 1997-இல் 2,06,000 டொலருக்குக் கைமாறியது. அதன் பயன் எதையும் முறையாகப் பெறாமல், ஜங்கர் இறந்த அதே 2001-இல் வரங்குலாவும் இறந்தார். இத்தகைய நிகழ்வுகள் எழுப்பிய குரலால் அவுஸ்திரேலியா 2009-இல் மறுவிற்பனை உரிமைச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 1,000 டொலருக்கு மேல் மறுவிற்பனையாகும் படைப்பின் விலையில் 5 வீதம் கலைஞருக்கோ அவர் வாரிசுக்கோ சேர வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதே போன்ற பிரிவு இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தின் விலையில் 10 வீதம் வரை பங்கு கேட்க அது இடம் தருகிறது. சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. அதைக் கேட்டுப் பெற்றுத் தரும் அமைப்பு வேண்டும். அது இல்லாதவரை சுவரிலிருந்து இறங்கிய ஓவியத்தின் செல்வம் வரைந்தவரின் வீட்டுக்குப் போய்ச் சேராது.

புவிசார் குறியீடு ஒரு பாணியைக் காக்கும், ஒரு பிரதேசத்தைக் காக்கும். தனி ஓவியரின் பெயரை அது காப்பதில்லை. அதைக் காக்க வேண்டியவர்கள் அருங்காட்சியகங்களும் பதிப்பாளர்களும் வரலாறு எழுதுவோரும். ஜங்கர் சிங் ஷியாம் பழைய மரபு ஒன்றைப் படியெடுத்தவராகவோ, நகரத்தார் கண்டெடுத்த காட்டுத் திறமையாகவோ பதிவாகக் கூடாது. தன் மக்களின் பாட்டை முழுதாக உள்வாங்கி, அதற்கு முன் எங்கும் இல்லாத ஓர் உருவ மொழியைப் படைத்து, அதை ஒரு கிராமத்துக்கே கற்றுக்கொடுத்த முதல்தரமான நவீன ஓவியர் அவர். இருபதாம் நூற்றாண்டின் இந்திய ஓவிய வரலாற்றில் அவருக்குரிய இடம் சுவாமிநாதனுக்குச் சமமான வரிசையில் இருக்கிறது.

(தொடரும்)